கை பார்த்த சார்

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். நான் பார்த்த வேலையை இப்போது அவர்தான் பார்க்கிறார். கையில் ஒரு கட்டுப் புகைப்படங்கள். ஒவ்வொரு மையத்துக்கும் டிஜிட்டல் கேமரா கொடுத்துவிட்டார்களாம். வகுப்பு நடக்கும்போது படம் எடுத்து அனுப்பிவிட வேண்டும். மேற்பார்வையாளர் மொட்டை வெயிலில் அலைய வேண்டியதில்லை.

"இனிமே போலிப் பேரே எழுத முடியாதுல்லா சார்?" என்று பெருமையாகக் கேட்டார்.

படங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பிள்ளைகள் மூன்று வரிசையாக நின்றார்கள். எல்லாரும் கை கட்டியிருந்தார்கள். கேமராவைக் கண்டால் கை கட்டிக்கொள்வது நம் பள்ளிக்கூடத்து வழக்கம்.

"இதுல ஒண்ணும் தெரியலையே தம்பி. கையையே காணோமே" என்றேன்.

அவர் சிரித்தார். கிழவனுக்குக் கேமரா மேலும் சந்தேகம் என்று அலுவலகத்தில் போய்ச் சொல்லியிருப்பார். சொல்லட்டும். சந்தேகப்பட்டுத்தான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன். அந்தச் சந்தேகம் ஒரு முறை என்ன செய்தது என்பதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

ஒன்பதாவது, பத்தாவதில் பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, தனித்தேர்வர்களாகப் பத்தாவது பரீட்சை எழுதவைப்பதுதான் எங்கள் திட்டம். தொண்ணூறுகளின் பாதியில் சேர்ந்தேன். கோவில்பட்டியைச் சுற்றி நின்றுபோன பிள்ளைகளுக்குப் பஞ்சமே இல்லை. மழை ஏமாற்றினால் அப்பா வெளியூருக்கு முறுக்குப் போடப் போவார். அப்பா போனால் மகள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போவாள். இங்கே யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான். விடியுமுன் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்ச் சாயங்காலம் இறக்கிவிடும். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் எங்கள் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு என்பதால் அன்று முழுநாள்.

ஒரு மையத்துக்குக் குறைந்தது பதினைந்து பிள்ளைகள் வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்தப் படிப்பு வருஷத்தோடு மையத்தை மூடிவிடுவார்கள், டீச்சருக்கு வேலை போய்விடும். எனவே பதினைந்தும் எப்போதும் இருக்கும். ஆள் இல்லாவிட்டாலும் பெயர் இருக்கும். நாங்கள் போகிற அன்றைக்குப் பக்கத்துத் தெருவில் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைப்பார்கள். அதைக் கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம்.

திருநெல்வேலியில் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். அட்டையில் பூ வரைந்தோம், கை தட்டிப் பாட்டுப் பாடினோம். கடைசி நாள் குரூப் போட்டோ. அதிலும் கை கட்டித்தான் நின்றோம். அந்தப் பத்து நாளில் கற்ற எதுவும் புதூர்ப் பக்கத்து மையம் ஒன்றில்கூட எனக்கு உதவவில்லை. வேலையை நான் கற்றது எங்கள் திட்ட அலுவலர் சங்கரபாண்டியன் சாருக்குப் பின்னால் நடந்துதான்.

அவர் மையத்துக்குள் போனால் உட்கார மாட்டார். நாற்காலியைத் துடைத்துப் போட்டாலும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். டீ, கலர் எதையும் தொட மாட்டார். பையில் சொந்தத் தண்ணீர் பாட்டில் இருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வருகைப் பதிவேட்டை வாங்கிக் கடைசிப் பெயரிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார்.

"பொய்ப் பேர மேல எழுத யாருக்கும் தைரியம் வராது, நாராயணன். கீழதான் கொண்டுபோய் ஒட்டுவாங்க" என்பார்.

பிறகு ஒவ்வொருவராக எழுப்பி, "வலது கைய நீட்டு" என்பார். அவருடைய பரிசோதனை மொத்தமும் அந்தக் கையில்தான். மருந்தில் முக்குவதற்கு முன்னால் தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டை அடுக்குவது என்று பேர். குச்சியைத் தள்ளித் தள்ளிப் பெருவிரல் ஓரமும் உள்ளங்கை அடியும் காய்த்துப்போகும். பெட்டி ஒட்டுகிற பிள்ளைக்கு நகக்கண்ணில் பசை காய்ந்திருக்கும். ஆடு மேய்க்கிற கையில் உடைமுள் கீறல். பள்ளிக்கூடப் பிள்ளையின் கை மெத்தென்று இருக்கும். வாய் என்ன சொன்னாலும் கை பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. இரண்டே மாதத்தில் அது என் கட்சியும் ஆகிவிட்டது.

சார் முன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் தனியாகப் போக ஆரம்பித்ததும் ஊர்களில் எனக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது. 'கை பாக்குத சார்' என்பார்கள். இன்னும் துடுக்கான மையங்களில் 'ஜோசியர்'. ஒரு பிள்ளையின் கையை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையிலிருந்து, "சார், அவளுக்கு எப்ப கல்யாணம்?" என்று குரல் வரும். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

இனி அந்த ஊருக்கு வருகிறேன். புதூர்ப் பக்கம். பெயரை எழுத மனமில்லை. ஒரு கார்த்திகை ஞாயிறு காலை, சொல்லாமல் கொள்ளாமல் போனேன். முந்தின நாள் மழை. கரிசல் மண் பைக் சக்கரத்தில் அப்பி மட்கார்டை அடைத்துவிட்டது. வண்டியை ஒரு கருவேல மரத்தடியில் விட்டுவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். அந்த வெட்டவெளிக் காட்டில் மறைந்து வர வழியே கிடையாது. இரண்டு மைலுக்கு முன்னாலேயே ஆள் வருவது தெரிந்துவிடும். நான் போய்ச் சேருவதற்குள் யாரை வேண்டுமானாலும் கூட்டி உட்காரவைக்க நேரம் இருந்தது. இதை யோசித்தபடியேதான் நடந்தேன். வாசலில் கால் கழுவும்போதே எனக்குச் சந்தேகம் பாதி உறுதியாகிவிட்டது.

உள்ளே சரியாகப் பதினைந்து பேர் இருந்தார்கள். ஒருவர்கூட வராமல் இல்லை. மழை பெய்த மறுநாள் அது எப்படி?

டீச்சர் பெயர் செல்வராணி. அதே ஊர்ப் பெண், இருபத்து மூன்று வயதிருக்கும். பதிவேட்டை வாங்கிக் கீழிருந்து படித்தேன். கடைசிப் பெயர் ராமலட்சுமி.

"இது யாரு?"

"கொஞ்சம் லேட்டா சேந்த புள்ள சார். பத்தாவது அரைப் பரீட்சையோட நின்னுட்டா. இப்ப ஆபீஸ் போறா."

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பதினாறு வயது. தாவணி கட்டியிருந்தாள். இடது கை தாவணி மடிப்புக்குள் இருந்தது.

"என்ன வேலை பாக்க?"

"கட்டை அடுக்குதேன் சார்."

"எம்புட்டு நாளா?"

"ஒரு வருசமா சார்."

"வலது கைய நீட்டு."

நீட்டினாள். மெத்தென்ற கை. காய்ப்பு எங்கேயும் இல்லை. நடுவிரலில் பேனா அழுத்திய தடம் மட்டும் இருந்தது. ஒரு வருஷம் கட்டை அடுக்கிய கையாம்! கரும்பலகையில் நாலு வரி எழுதச் சொன்னேன். அச்சடித்த மாதிரி எழுதினாள். ஒரு கணக்குக் கொடுத்தேன். நான் சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் விடை வந்துவிட்டது. கடைசிப் பெயர், மெத்தென்ற கை, முதல் ராங்க் எழுத்து, தரையை விட்டு எழும்பாத பார்வை. சங்கரபாண்டியன் சார் சொன்ன அத்தனை அடையாளமும் ஓர் ஆளிடம் வந்து நின்றன.

பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். செல்வராணி டீச்சர் பதறிவிட்டார்.

"சார், நீங்க நெனைக்க மாதிரி இல்ல சார். அடுத்த மாசம் பரீட்சைக்கு விண்ணப்பம் போவுது. மார்ச்சுல எழுதிப் பாசாயிட்டா ரெண்டு வருசத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன், நர்சு படிக்கப் போன்னு அவ அம்மா வாக்குக் குடுத்திருக்காவ. எழுதலன்னா ஆவணியில தாய்மாமனுக்குக் கட்டிவச்சிருவாவ சார். அந்த ஆளுக்கு முப்பத்தஞ்சு வயசு."

எல்லா மையத்திலும் ஒரு கல்யாணக் கதை கேட்டிருக்கிறேன். பேனாவை எடுத்தால் உடனே ஒரு தாய்மாமன் வந்துவிடுவார். டீச்சர் இவ்வளவு பதறியது எனக்கு மேலும் ஓர் ஆதாரமாகத்தான் பட்டது. பதிவேட்டில் கோடு போட்டு, 'போலிப் பெயர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். விண்ணப்பம் என் கையெழுத்து இல்லாமல் போகாது. அவளுடைய மாற்றுச் சான்றிதழ் எங்கள் அலுவலக பீரோவில் இருந்தது. அது இல்லாமல் அவள் தனியாக விண்ணப்பிக்கவும் முடியாது.

அந்தப் பெண் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சார், பேரு இல்லன்னாலும் நான் இங்கன வந்து உக்காரலாமா?"

கெட்டிக்காரி, நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். செருப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மறுநாள் அறிக்கையைப் படித்துவிட்டு சங்கரபாண்டியன் சார் "சரி" என்றார். அவரிடமிருந்து அந்த ஒரு சொல் வந்தால் அது மெடல் வாங்கின மாதிரி. அன்று ஓட்டலில் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

தை மாதம் வேறொரு வேலையாகக் கோவில்பட்டியை அடுத்த ஒரு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். அதன் முதலாளி அண்ணாச்சி ஒரு சரக்கு அறையை வகுப்புக்காக ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஓசியில் தருகிறாரே, எதற்காக என்று சந்தேகப்பட்டுக்கொண்டேதான் போனேன். அந்த அறைக்குப் போக, கட்டை அடுக்கும் கொட்டகையைத் தாண்ட வேண்டும். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அத்தனை கைகளும் ஒரே பக்கமாகக் குச்சியைத் தள்ளிக்கொண்டிருந்தன, ஒரே ஒரு கையைத் தவிர. மூன்றாவது வரிசையில் அது மட்டும் எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

நின்றுவிட்டேன். ராமலட்சுமி.

வேலையை மேற்பார்வையிடும் அம்மா என் பக்கத்தில் வந்தார். "என்ன சார் பாக்குதீங்க? அவ நொட்டாங்கை. ஆனா வேகத்துல அவள அடிக்க இங்க ஆள் கெடையாது."

"எழுதறது வலது கையிலதானே?" என்றேன்.

"சின்னதுல அடிச்சுத் திருத்துவாங்கல்லா சார். சோத்துக்கும் எழுத்துக்கும் வலது கை. இங்கன வந்து எந்தக் கையில அடுக்குதன்னு யாரு கேக்கா?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. கை நிற்கவில்லை. நான் குனிந்து கேட்டேன்.

"அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

"நீங்க வலது கையத்தான சார் கேட்டீங்க." குச்சியைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "பெரியவிய முன்னால நொட்டாங்கைய நீட்டலாமா?"

இடது கையைக் காட்டச் சொன்னேன். பெருவிரல் ஓரம், உள்ளங்கை அடி, இரண்டும் சுண்டைக்காய்ப் பருமனுக்குக் காய்த்திருந்தன. வருஷக்கணக்காக நான் தேடித் தேடிப் பார்த்த அதே காய்ப்பு. மரியாதைக்காக அவள் தாவணிக்குள் மறைத்த கையை நான் குற்றம் என்று படித்திருக்கிறேன். சரக்கு அறையைப் பார்க்காமலேயே திரும்பிவிட்டேன்.

விண்ணப்பத் தேதி முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கல்வி அலுவலகத்தில் ஒவ்வொரு மேஜையாக நின்று கெஞ்சிப் பார்த்தேன். அடுத்த பரீட்சை புரட்டாசியில்தான் என்றார்கள். ஆவணிக்கு அடுத்த மாதம் புரட்டாசி. நேராக சங்கரபாண்டியன் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார். வழக்கம்போல நின்றுகொண்டே கேட்டார்.

"யார் வந்து உங்களப் பாத்தாங்க?"

"யாரும் பாக்கல சார். நானாத்தான் வந்து சொல்லுதேன்."

"பொண்ணு வீட்டுக்காரங்க?"

"இல்ல சார்."

"அந்த டீச்சரா?"

அவர் கண் என் முகத்தில் இல்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் நின்ற டீச்சர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொல்லும்போதும் நாக்கு உலர்கிறது. உலர்ந்த நாக்கைப் பார்த்தால் பொய் சொல்கிறவன் மாதிரிதான் இருக்கும்.

"எழுதிக் குடுங்க" என்றார். "ஆனா யோசிச்சு எழுதுங்க. ஒரு கோடு தப்புன்னு எழுதினா, நீங்க போட்ட எல்லாக் கோட்டையும் திரும்பப் பாக்க வேண்டியிருக்கும்."

மிரட்டினாரா, அக்கறையாகச் சொன்னாரா என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. எழுதிக் கொடுத்தேன். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அடுத்த இரண்டு வருஷமும் நான் போய்வந்த மையங்களுக்கு என் பின்னாலேயே இன்னொருவர் போய்ச் சரிபார்த்தார். அது நியாயம்தான். பழைய அறிக்கைகளை எடுத்து நான் அடித்த பெயர்களைத் தேடிப் போனேன். சிலது உண்மையிலேயே போலி. சில பிள்ளைகள் ஊரைவிட்டே போய்விட்டார்கள், எந்தக் கை என்று பார்க்க வழியில்லை. அவர்களில் எத்தனை பேர் நொட்டாங்கையோ! அந்தக் கணக்கு இன்னும் என்னை விடவில்லை.

ராமலட்சுமியின் வீட்டுக்கும் போனேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவள் அம்மா பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். மகள் கதவோரம் நின்றாள். தப்பு என்னுடையது, புரட்டாசி வரைக்கும் பொறுக்க வேண்டும் என்றேன்.

"வெத்தல பாக்கு மாத்தியாச்சு" என்றார் அந்த அம்மா. பிறகு என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். "வேல மெனக்கெட்டு இம்புட்டுத் தூரம் வந்து சொல்லுதீங்களே, இதுல ஒங்களுக்கு என்ன சார்?"

அவர் மகள் பக்கம் திரும்பி, "செய்யி சூபு" என்றார். கையைக் காட்டு என்று அர்த்தம். அவள் தயங்கித் தயங்கி இடது கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையைப் பிடித்து என் முன்னால் இழுத்தார்.

"ஒங்கள ஊருல ஜோசியருங்காவ. நெசந்தான். எம்மவ கல்யாணத் தேதிய நீங்கதான சார் குறிச்சீங்க."

கிளம்பும்போது ஒன்றை மட்டும் கேட்டேன். கல்யாணம் ஆனாலும் பரீட்சை எழுத விட வேண்டும். அந்த அம்மா பெட்டிக்குப் பசை தடவிக்கொண்டே, "எழுதட்டும்" என்றார். "ஆனா தேதி மாறாது." மறுநாளே பதிவேட்டில் அவள் பெயரை நானே மறுபடி எழுதினேன். கடைசியில் இல்லை, முதல் வரிக்கு மேல் இருந்த இடைவெளியில்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் தேறினாள். பேப்பரில் அவள் தேர்வு எண்ணை மூன்று முறை சரிபார்த்தேன். ஆனால் நர்சு படிப்புக்குப் போகவில்லை. கட்டிக்கொடுத்த வீட்டில் யாரும் அனுப்பவில்லை. மார்ச்சில் தேறியிருந்தால் அவளுக்கு இரண்டு வருஷம் கிடைத்திருக்கும். அந்த இரண்டு வருஷத்தை அழித்தது என் சிவப்பு மை.

புரட்டாசியில் கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. திட்டத்துப் பிள்ளைகளை அடையாளம் காட்டுவதற்காக மேற்பார்வையாளர் வாசலில் நிற்க வேண்டும். ராமலட்சுமி கடைசியாக வந்தாள். சேலை, மூக்குத்தி, மஞ்சள் காயாத தாலிக்கயிறு. கேட்டுக்கு வெளியே அவள் புருஷன் சைக்கிளில் சாய்ந்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த தேர்வு அதிகாரி ஹால் டிக்கெட்டை வாங்கினார். அதில் இருந்தது தாவணி கட்டிய சின்னப் பெண். படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணு போலத் தெரியலையேம்மா. ஆள் மாறாட்டம் நெறைய நடக்கு. இப்படியே விட முடியாது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "சார், இது உங்க புள்ளதானா?"

நான் வாய் திறப்பதற்கு முன்னால், அவள் பேனாவை மேஜையில் வைத்தாள். என் பக்கம் திரும்பினாள். உள்ளங்கை மேலே தெரிய இரண்டு கையையும் நீட்டினாள். மருதாணிச் சிவப்புக்கு நடுவே இடது கையில் அந்தக் காய்ப்பு அப்படியே இருந்தது.

"ரெண்டு கையும் பாத்துக்கோங்க சார்" என்றாள்.